அட்டையில்லாத மாத்திரை

"அப்போ காய்ச்சல் இல்ல."

"இல்லீங்க டீச்சர்."

"வாந்தி, வயித்துப்போக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"தேர்வுக்கு முந்தின ராத்திரி நல்லாத் தூங்கினாளா?"

"தூங்குனாளுங்க. நாந்தான் போயி எழுப்ப வேண்டியதாப் போச்சு."

"அதைத்தாங்க கேக்கறேன். நிலாவை எழுப்ப வேண்டியிருந்துச்சுன்னு உங்க வாயால இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்லையே."

சித்ரா மகள் இருந்த பக்கம் திரும்பினாள். சேலம் ஸ்டேடியத்தின் படிக்கட்டில், வெயில் இன்னும் எட்டாத கடைசி நிழல் துண்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரோசி டீச்சரின் கழுத்தில் விசில் கயிறும் சிலுவைச் சங்கிலியும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. பேசும்போதெல்லாம் அந்தச் சிக்கலைப் பிரிக்கப் பார்ப்பதும், பாதியில் விட்டுவிடுவதுமாக இருந்தார்.

கீழே ஓடுபாதையில் நிலா தனியாக நின்றாள். குனிந்தாள். விரல்களைக் கோட்டில் ஊன்றினாள். ஓடவில்லை. எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு மறுபடியும் குனிந்தாள். யாரோ அழைப்பார்கள் என்று காத்திருந்து, அழைக்காததால் திரும்பிப் போகிறவளைப் போல இருந்தது அது.

இதே பாதையில்தான் போன சனிக்கிழமை மாநில அணிக்கான தேர்வு நடந்தது. நூறு மீட்டர். முதல் நான்கு பேருக்கு இடம். நிலா ஐந்தாவதாக வந்தாள்.

அதுவரை அவள் தனக்கு முன்னால் ஓடும் ஒருத்தியின் முதுகைப் பார்த்ததே கிடையாது. அன்று நான்கு முதுகுகளைப் பார்த்தாள்.

"ஷூ உள்ளயே போகலைன்னு அழுதா," என்றார் டீச்சர். "மழையில நனைஞ்சு சுருங்கிப் போச்சு மிஸ்ங்கறா. நான்தான் கயித்தைத் தளர்த்திக் கட்டிவிட்டேன். ரெண்டு பாதமும் பன்னு மாதிரி இருந்துச்சு. அழுத்தினா விரல் பதியுது. அது ஷூ சுருங்கினது இல்லைங்க."

"ஓ."

"மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

சித்ரா தன் செருப்பைப் பார்த்தாள்.

"அவகிட்டயும் கேட்டேன். சத்து மாத்திரை மட்டும்தான் மிஸ்னு சொன்னா. அது நான் சாப்பிடச் சொன்னதுதானே?"

"ஆமாங்க. சத்து மாத்திரைதானுங்க."

தறியில் நூல் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவதுபோல, யாரும் தள்ளாமலே அந்தப் பொய் வாயிலிருந்து ஓடிப்போனது.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "இன்னொரு தடவை இவளை ஓடவிட்டுப் பாருங்கன்னு தேர்வுக் குழுவுல கேக்கலாம்னு இருக்கேன். காரணம் இல்லாம கேட்டா சிரிப்பாங்க. எல்லா டீச்சரும் அவங்கவங்க பிள்ளைக்குக் கேப்பாங்கதானே? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு காரணம் சொல்லணும். உண்மையான காரணம். ஊட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க. ஏதாச்சும் ஞாபகம் வந்தா உடனே போன் பண்ணுங்க."

ஞாபகம் வருவதற்கு எதுவும் இல்லை. எல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது.

சித்திரையில் நிலாவுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு அவள் நொண்டி நடந்த நாட்களில், சித்ரா மாரியம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். கால் சரியாகட்டும் ஆத்தா, ஆடிப் பண்டிகைக்கு அவளே உனக்குத் தீர்த்தக்குடம் எடுப்பாள். கால் சரியாயிற்று. ஆடியும் வந்தது. காவிரியிலிருந்து வேனில் தீர்த்தம் வந்து, ஊர் எல்லையிலிருந்து பெண்கள் குடத்தைத் தலையில் சுமந்து கோயிலுக்கு நடக்கும் நாளை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நிலாவுக்கு மாதாமாதம் தூரமாகும் நாள்.

மெடிக்கல் கடைக்காரர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "பண்டிகைக்குங்களா அக்கா?" என்றார். அந்த வாரம் முழுக்க, அவர்கள் ஊரான ஜலகண்டாபுரத்துப் பெண்கள் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். நாளைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரைக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயரே பண்டிகை மாத்திரை.

நிலாவிடம் சொன்னால் விழுங்கமாட்டாள். சளிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால்கூட அட்டையைப் போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் வாயில் போடுவாள். டீச்சரின் கண்டிப்பு அது. அதனால் சித்ரா அடுப்படியிலேயே அட்டையைப் பிரித்து, மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள், காலையிலும் இரவிலும், பால் டம்ளரோடு.

"இது என்னம்மா, கலர் மாறியிருக்குது?"

"சத்து மாத்திரைதான் சாமி. கம்பெனி மாறிப்போச்சாமா."

நிலா அண்ணாந்து விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதைச் சித்ரா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் அல்ல, பண்டிகை முடியும்வரை. அது முடிந்த இரண்டாம் நாள்தான் தேர்வு.

"அம்மா, போலாமா?"

நிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்திருந்தாள். பதினாறு வயதுக்கு உயரம். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்றார் டீச்சர்.

"சாப்பாடு மிஸ்."

"எவ்வளவு சாப்பாடு?"

நிலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். "கோயில்ல பொங்கச்சோறு நிறையத் தின்னுட்டேன் மிஸ். அதான் உடம்பு வெச்சுப்போச்சு. கொஞ்சம் கொறைச்சா..."

"ஒரு பண்டிகைச் சோத்துல ஒருத்தி அஞ்சாவது வரமாட்டா, லூசு. வயித்தைக் காயப்போட்டியோ, நானே உங்க ஊட்டுக்கு வந்து ஊட்டிவிடுவேன். உங்கம்மாகூடத் தறி ஓட்டறவங்க எல்லாரும் நின்னு வேடிக்கை பாப்பாங்க. தேவையா?"

நிலா சிரித்தாள். சித்ராவுக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

*

தாரமங்கலத்தில் பஸ் நின்றபோது சென்னம்மாள் ஏறினாள். பக்கத்துத் தெரு. இரண்டு கையிலும் பை, இடுப்பில் ஒரு முறம்.

"அட, சித்ரா! ஊட்டுக்கா? நவுரு புள்ள, ஒரு பக்கம் குண்டி வெச்சுக்கறேன்."

நிலா எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, முன்னால் டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியோரம் போய் நின்றாள். சென்னம்மாள் அவள் போவதையே பார்த்தாள்.

"உன்ற மவ அன்னைக்குக் குடம் எடுத்துட்டு வந்தாளே, ஆத்தாளே மஞ்சச் சீலை கட்டி நடந்து வந்தாப்ல இருந்துச்சு. என்ற ஊட்டுக்காரரு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு, தெரியுமா? என்னைய இத்தனை வருசத்துல ஒரு நாள் நிமுந்து பாத்திருப்பாரா?"

"நீங்க குடம் எடுத்திருந்தா பாத்திருப்பாருங்க அத்தை."

"எடுத்தா குடந்தான் உழுகும்." சென்னம்மாள் தன் நகைச்சுவையில் தானே குலுங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் மூன்று சீட் தள்ளிக் கேட்கும். "ஆமா, அந்தப் பண்டிகை மாத்திரை நீயுந்தான வாங்குன? கடையில பாத்தனே. உன்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆவலயா?"

சித்ரா முன்னால் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் நிலா கம்பியில் கன்னத்தைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை, என்ன ஆவோணும்?"

"என்ற சின்ன மருமவளுக்குக் குடுத்தேன். கழுத, மூஞ்சியெல்லாம் உப்பிப்போயி, காலு ரெண்டும் பணியாரமாட்ட வீங்கிப்போச்சு. மெட்டி களட்ட முடியல. சோப்புப் போட்டுப் பாத்தோம், நல்லெண்ணெய் ஊத்திப் பாத்தோம். ம்ஹூம். கடைசில ஆசாரிகிட்டப் போயி வெட்டியில்ல எடுத்தோம்! மாத்திரைய நிறுத்துன பொறவுதான் வடிஞ்சுது. டாக்டரம்மா கேட்டுட்டு, எந்தக் கூறுகெட்டது உனக்கு இதைக் குடுத்துச்சுன்னுச்சாம். அவ என்னையக் கை காட்டுறா!"

முன் சீட்டில் இருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ, "மெட்டிய வெட்டுனீங்க, வெரலை உட்டுட்டீங்களே ஆயா," என்றார்கள்.

சித்ரா பிடித்திருந்த ஜன்னல் கம்பி சூடாக இருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

இதுவரை அது ஒரு சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தோடு ஒரு வீட்டில் குடியிருக்க முடியும். அது மூலையில் இருக்கும், நாம் நடுவில் இருப்போம். இப்போது அது எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, சென்னம்மாளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே.

அடுத்த வருடம் எடுக்கிறோம் ஆத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆத்தா என்ன, கோபித்துக்கொண்டா போயிருப்பாள்? காத்திருக்கத் தெரியாதவள் இல்லை ஆத்தா.

"உன்ற புள்ள ஓட்டக்காரி. கெட்டி உடம்பு," என்றாள் சென்னம்மாள். "அதான் ஒண்ணும் ஆவல."

"ஆமாங்க அத்தை," என்றாள் சித்ரா. "ஒண்ணும் ஆவல."

*

வீட்டுக்கு வந்து நிலா முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மருதாசலத்தின் வீடியோ அழைப்பு வந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் அவன் போர் ஆபரேட்டர். வண்டி இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ நின்றது. அவனுக்குப் பின்னால் சிவப்பு மண்ணும், சேறு தெறித்த குழாய்களும், எந்த ஊர் என்றே சொல்ல முடியாத ஒரு வானமும் தெரிந்தன.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்னாங்க."

"புள்ள இருக்குதா பக்கத்துல?"

"பொடக்காளில இருக்கறா."

மருதாசலம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துண்டைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"சித்ரா, அது என்னாலதான்."

"என்னது?"

"ஷூ. நாக்பூர்ல வண்டி நின்னப்ப வாங்குனது. கடைக்காரன் அளவு என்னன்னு இந்தில கேக்கறான். நான் கையைச் சாண் விரிச்சு, இந்தளவு, இந்தளவுங்கறேன். நானு ஊட்ல இருந்தாத்தான புள்ள காலு அளவு எனக்குத் தெரியும்? கடைசியா நான் நல்லாப் பாத்தப்ப இருந்த காலை நெனச்சுட்டே வாங்கிட்டேன். வளந்திருக்கும்ல? காலு நெருக்குனா புள்ள எப்படி ஓடும்?"

அதே ஷூவோடுதான் நிலா மண்டலப் போட்டியில் முதலாவதாக வந்தாள். அந்தப் படத்தைத் தன் கேபினில் கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்திருப்பவன் அவன்தான். அதுகூட ஞாபகம் இல்லாத அளவுக்கு அவனுக்கு இந்தத் தப்பு வேண்டியிருந்தது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வீட்டில் நடக்கும் எதிலாவது ஒரு பங்கு வேண்டும். நல்லதில் கிடைக்காவிட்டால் கெட்டதிலாவது.

"ஷூ நல்ல ஷூதானுங்க," என்றாள் சித்ரா.

"நீ என்னையச் சமாதானம் பண்ணாத."

"இல்லீங்க, நெசமாலுமே ஷூவால இல்லீங்க. அது..."

"உனக்கு எப்பவும் இதே வேலை. ஆரும் மனசு நோவக் கூடாது. நீ கூடவே இருந்து அத்தனையும் பாத்துக்கற. நான் குழியத் தோண்டிட்டுக் கெடக்கறேன், ஒரு ஷூ ஒழுங்கா வாங்கத் தெரியல." அவன் மூக்கை உறிஞ்சினான். "புள்ளைகிட்ட நான் அழுதேன்னு சொல்லிராத. வெச்சர்றேன்."

திரை இருண்டது. அதில் அவளுடைய முகம் தெரிந்தது.

நிலா துண்டோடு உள்ளே வந்தாள். "அப்பாவா? என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியான்னு கேட்டாரு."

"நான் பேசியிருப்பேன்ல?" நிலா போனைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "வேண்டாம் போ. பேசுனா ஷூ எப்படியிருக்குதுன்னு கேப்பாரு. எனக்கு அழுகை வந்துரும். அவரு அங்க வெயில்ல கெடந்து வாங்கிக் குடுக்கறாரு. நான் இங்க ஒழுங்கா ஓடக்கூட இல்ல."

"நீ ஒழுங்காத்தான் சாமி ஓடுன."

"இல்லம்மா. பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காலு என்ற காலு மாதிரியே இல்ல. வேற ஆரோட காலையோ தூக்கிட்டு ஓடறாப்ல இருந்துச்சு. மனசுக்குள்ள எங்கியோ நான் சோம்பேறி ஆயிட்டேன். அதான்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அழுகை இல்லை. கணக்குப் பார்த்து, விடை சரிதான் என்று கண்டுபிடித்தவளின் அமைதி இருந்தது. சித்ராவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

*

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தெருவில் தறிகள் அத்தனையும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குள் பிறந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. நின்றால்தான் காதில் விழும்.

சித்ரா மேல்தட்டிலிருந்து பழைய சீயக்காய் டப்பாவை எடுத்தாள். உள்ளே அந்த அட்டை கிடந்தது. சில குழிகள் காலியாகவும் சில இன்னும் உப்பியும். தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால் வேண்டுமென்றே செய்தது போலாகிவிடும் என்று ஏனோ தோன்றியிருந்தது.

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே டீச்சரின் எண்ணை அழுத்தினாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். டீச்சர், நான் பொய் சொன்னேன். அது சத்து மாத்திரை இல்லை.

"நிலாம்மா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்." ரோசி டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. ஒரே ஒரு ஓட்டம். அவங்க முன்னால ஓடிக் காட்டணும்."

"டீச்சர்..."

"என்ன காரணம்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். கடைசி வாரம் நான்தான் அவளை அளவுக்கு மீறி ஓடவிட்டேன், உடம்பு தாங்காம வீங்கிப்போச்சு, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன இருக்கு? நானும் ராத்திரியெல்லாம் அதைத்தாங்க நினைச்சுப் பாத்தேன். ஒருவேளை உண்மையாக்கூட இருக்கலாம். எல்லார் முன்னாலயும் என்னை நல்லாத் திட்டினார் ஒருத்தர். பிள்ளைங்க உடம்பு தெரியாதவங்க எல்லாம் எதுக்கு விசில் மாட்டிட்டுத் திரியறீங்கன்னு. திட்டட்டும். எனக்கு என்ன, அணியிலயா இடம் போயிடப் போகுது?" டீச்சர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "ஆமா, நீங்க எதுக்குப் போன் பண்ணீங்க? ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா?"

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே தறிகள் அடித்தன. வரிசையாக நின்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டன.

"இல்லீங்க டீச்சர். என்ன ஆச்சுன்னு கேக்கத்தானுங்க."

"நேரத்தோட தூங்கச் சொல்லுங்க. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க."

போனை வைத்தபோது சித்ராவுக்கு உடம்பெல்லாம் லேசானது. அந்த லேசுதான் அவளை முதலில் பயமுறுத்தியது. இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. காரணம் கிடைத்துவிட்டது, அது இன்னொருத்தி தலைமேல் இருந்தது. அவளுடைய தப்பை வேறு ஒருவர் ஊர் எல்லையிலிருந்து கோயில்வரை சுமந்துகொண்டு போகிறார். அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். நிலா கத்தவில்லை, குதிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடிப்போய்ப் பையிலிருந்து ஷூவை எடுத்து, தரையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே விட்டாள்.

"அம்மா! போவுது! இங்க பாரு, நல்லாப் போவுது. வெரல் ஆடக்கூட எடம் இருக்குது!" கயிற்றை இழுத்துக் கட்டி, எழுந்து, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நான்கே எட்டில் போய்த் திரும்பினாள். அடுத்த வீட்டுக்காரர் கோலால் சுவரைத் தட்டினார். "அப்பாகிட்டச் சொல்லு, அளவு கச்சிதம்னு. ஷூ மேல தப்பே இல்ல. டீச்சர் மேலயும் இல்ல. எல்லாம் என்ற மேலதான். நாளைக்குச் சரி பண்ணிர்றேன், பாரு."

கண்ணுக்குக் கீழிருந்த கருப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் கண் மாறியிருந்தது. சித்ராவுக்கு அந்தக் கண்ணைத் தெரியும். கோட்டில் குனியும்போது, தூரத்திலிருக்கும் எதையோ பக்கத்தில் கூப்பிடுவதுபோல நிமிர்ந்து பார்க்குமே, அந்தக் கண்.

"ரெண்டு தோசை ஊத்தித் தர்றேன். உக்காரு," என்றாள்.

"மூணு." நிலா பையில் துணியை மடித்து வைக்கத் தொடங்கினாள். சட்டை, காலுறை, தண்ணீர் பாட்டில். கடைசியில் திருநீறும் மஞ்சளும் கலந்த கோயில் பொட்டலத்தை எடுத்து ஓரத்தில் செருகினாள். அப்படியே கை நின்றது. எதையோ நினைத்துக்கொண்டவளாக எழுந்து, அடுப்படி வாசல்வரை வந்தாள்.

சித்ரா கரண்டியோடு நின்றிருந்தாள். மற்றொரு கை முந்தானைக்குள் இருந்தது. அட்டையை டப்பாவில் திரும்ப வைக்க மறந்திருந்தாள். அதன் ஓரம் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, பண்டிகைக்கு முன்னாடி குடுத்தியே, கம்பெனி மாறுன அந்தச் சத்து மாத்திரை? அன்னைக்கு வெறும் வயித்தோட, அவ்வளவு வெயில்ல, தலையில குடத்தை வெச்சுட்டு நின்னேன். எனக்குக் களைப்பே தெரியலம்மா. நீதான் அதை நிறுத்திட்டே. அதுக்கப்புறந்தான் இப்படி ஆச்சு."

தோசைக்கல் காய்ந்து புகைந்தது.

நிலா கையை நீட்டினாள்.

"நாளைக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன். பிரிக்காம அட்டையோட குடு. டீச்சர்கிட்டக் காட்டிட்டுத்தான் போடுவேன். குடும்மா."